மாமன் மடியும் அணுக் கடிகாரமும்

ஆகஸ்ட் 19, புதன்

விடிந்ததிலிருந்தே அனல். பொட்டுக் காற்று இல்லை. பிரஸ்ஸில் அடுத்த வருஷக் காலண்டர் புரூப். முருகன் படத்தில் மயிலுக்கு நீலம் கூடிவிட்டது. நான் சொல்லாவிட்டால் அப்படியே அடித்துத் தள்ளியிருப்பார்கள். திருத்தங்கல் முழுக்கத் தேடினாலும் இந்தக் கண் எனக்கு மட்டும்தான்.

இன்று கலா வந்துவிட்டாள். அக்கா மகள். அமெரிக்கா போய் ஐந்து வருஷத்துக்கு அப்புறம், கைக்குழந்தையோடு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம். மதுரை ஏர்போர்ட்டுக்குப் போக நான் வேன் சொல்லி வைத்திருந்தேன். (ஏ.சி. கிடையாது. ஆனால் ஜன்னல் பெரிது.) இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நிற்கிறேன், அக்காவிடமிருந்து போன்.

"நீ போகாண்டாம்லே. தனபால் காரை எடுத்துக்கிட்டு முன்னமே கெளம்பிட்டான்."

தனபால்! கலாவின் பெரியப்பா மகன் என்றால் என்னைக் கேட்காமல் ஏர்போர்ட் வரை போய்விடுவதா? வெம்பக்கோட்டை ரோட்டில் பட்டாசுக் கம்பெனி இருக்கட்டும். வெள்ளைக் கார் இருக்கட்டும். மூன்று மாடி வீடு இருக்கட்டும். கலாவுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்த தாய்மாமன் நான். இனி இந்த டைரியில் அவனுக்கு 'த.' என்ற ஓர் எழுத்து போதும். முழுப் பெயரும் எழுத மை வீண்.

சாயங்காலம் அக்கா வீடு. குழந்தை பெயர் மீனு. பத்து மாசம். என்னைக் கண்டதும் தாவி வந்துவிட்டது. த. கூப்பிட்டபோது போகவில்லை. நன்றாகப் பார்த்தேன், போகவே இல்லை.

இருக்கன்குடி அம்மன் கோயிலில் காது குத்து. அக்கா நேர்ந்துகொண்டது. சரி, யார் மடியில்? கலாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லையே. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அக்கா: "இதுல யோசிக்க என்ன இருக்கு? பெரியப்பா மகன் அண்ணன் முறை. பிள்ளைக்கு மாமன் தனபாலுதான். நீ தாத்தா முறைலே."

தாத்தாவாம்! வயது ஐம்பத்து மூன்று. தலையில் ஒரு நரை கிடையாது. (டை வேறு விஷயம்.)

மடி என்னுடையதுதான். எப்படியாவது.


ஆகஸ்ட் 20, வியாழன்

நேற்றைப் போலவே வெயில். செருப்பு வார் அறுந்தது.

செல்லையா டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே கேள்வி, கலாவுக்கு அங்கே என்ன வேலை. உலகத்துக்கே மணி சொல்கிற வேலை என்றேன். அவள் கடிகாரம் திருவில்லிபுத்தூர்த் தேர் உயரம், சுற்றிலும் துப்பாக்கியோடு காவல், அமெரிக்க ஜனாதிபதியே அவளைக் கேட்டுத்தான் வாட்சைத் திருப்புகிறார் என்றேன்.

செல்லையா: "அம்புட்டுச் சரியா மணி தெரிஞ்சா, நம்ம செங்கோட்டை வண்டி மட்டும் ஏண்ணே நேரத்துக்கு வர மாட்டேங்குது?"

ரயில்வேக்காரன் இன்னும் அந்தக் கடிகாரம் வாங்கவில்லை என்று சமாளித்தேன்.

இருந்தாலும் விவரம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சாயங்காலம் அவளிடமே கேட்டேன். அவள் சொன்னது, எனக்குப் புரிந்தவரை:

கடிகாரத்துக்கு முள் இல்லை. தேரும் இல்லை, ஒரு பெரிய மேஜை நிறையக் கண்ணாடியும் லேசரும். நடுவில் ஒரு குப்பி, அதற்குள் காற்றே இல்லை, கொஞ்சம் அணுக்கள் மட்டும். ஊஞ்சல் மாதிரி ஒரே சீராக ஆடும். ஆட்டத்தை எண்ணினால் நேரம். சிக்கல் எங்கே என்றால், எம்புட்டு ஆடினாய் என்று அணுவிடம் கேட்டால் அது நேராகச் சொல்லாது. காசு சுண்டின மாதிரி பூ என்கும், தலை என்கும்.

"ஒண்ணு சொல்றதை நம்ப முடியாது மாமா. நெறைய அணுகிட்டக் கேட்டுச் சராசரி எடுக்கணும். ஆனா நூறு அணுவைச் சேத்தா நூறு மடங்கு சுத்தம் வராது. பத்து மடங்குதான்."

"மீதித் தொண்ணூறு?"

"அதைப் பிடிக்கத்தான் ஆராய்ச்சி. அணுக்களைத் தனித்தனியா விடாம ஒண்ணோட ஒண்ணு பின்னிப் போட்டுடறது. ஒண்ணு தப்பினா அதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு தப்பும். கூட்டிப் பாத்தா தப்பு அடிபட்டுப் போகும்."

உடனே பிடித்துவிட்டேன். நாலு கலர் அச்சு மாதிரிதான் என்றேன். நாலு பிளேட்டும் தனித்தனியாக நகர்ந்தால் அம்மனுக்கு ரெண்டு மூக்கு. நாலையும் சேர்த்துப் பிடித்தால் ஒரே மூக்கு. கலா சிரித்தாள். "கிட்ட வந்துட்டீக மாமா," என்றாள். கிட்ட! ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தாமல் இருந்தால் இந்நேரம் நானும் குப்பிக்குள் அணு ஆட்டிக்கொண்டிருப்பேன்.


ஆகஸ்ட் 21, வெள்ளி

வாங்கியது: பிளேடு, ஊதுபத்தி, வீட்டுக்காரி பேச்சிக்கு மல்லிகை. மறந்தது: செருப்பு.

அக்கா வீட்டுக்குப் போனால் எனக்கு முன்னால் அங்கே த. சாத்தூர் காராச்சேவு ரெண்டு கிலோ வேறு. குழந்தைக்குப் பல்லே நாலுதான், யாருக்கு ரெண்டு கிலோ?

அவனுக்கும் கலா அணுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொன்ன அதே கதை. அதே காசு, அதே பூ, தலை. எனக்கு மட்டும் சொன்னது என்று நினைத்திருந்தேன்.

த. கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தான். பிறகு சொன்னான்: "ஏம்மா, நம்ம புஸ்வாணம் மாதிரின்னு சொல்லு. ரெண்டு புஸ்வாணத்துக்கு அளந்து வச்ச மருந்து ஒரே கிண்ணத்துல இருக்கு. கை வாக்குல ஒண்ணுல கூடிப்போச்சுன்னா இன்னொண்ணுல அதே அளவு குறையும். தனித்தனியா நிறுத்தா ரெண்டும் தப்பு. சேத்து நிறுத்தா குண்டுமணி மாறாது."

கலா கைதட்டினாள். எழுந்து நின்றே தட்டினாள். "அண்ணே! இதைவிட நல்லா நானே சொன்னதில்ல. ஒரே ஒரு வித்தியாசம்ணே. உங்க புஸ்வாணத்துல பங்கு முதல்லயே பிரிஞ்சுபோச்சு. அணுவுல நாம கேக்குற வரைக்கும் எது கூட, எது குறைச்சல்னு முடிவாகவே இல்ல. கேட்ட பிறகுதான். அதுதான் ஆச்சரியம்."

எனக்குக் 'கிட்ட'. அவனுக்குக் கைதட்டு.

காராச்சேவு நமத்துப்போயிருந்தது. ஒரு பிடிக்கு மேல் தின்ன முடியவில்லை. சரி, மூன்று பிடி.

திரும்பும் வழியில் செல்லையா கடை. புஸ்வாணக் கணக்கைச் சொன்னேன். எல்லாரும் அசந்துபோனார்கள். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.


ஆகஸ்ட் 22, சனி

லேசான மேகம். பட்டாசுக்காரர்களுக்கு வயிற்றில் புளி. மழை விழுந்தால் மருந்து காயாது.

அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். "காலண்டர்காரன் நீதான. நல்ல நாளாப் பாத்துச் சொல்லுலே."

இதில் மட்டும் என்னைத்தான் கேட்பார்கள். நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம், எல்லாம் என் கைவழியாகப் போய்த்தான் ஊர் சுவரில் தொங்குகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். ஞாயிறு நன்றாகவே இருந்தது. வியாழனும் மோசமில்லை.

29, சனிக்கிழமை என்றேன். பத்தரைக்கு ராகு காலம் போனதும், பதினொன்றரை வரை.

எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். பேச்சி மட்டும் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏங்க, சனிக்கிழமை பட்டாசுக் கம்பெனியில எல்லாம் சம்பள நாளுல்ல? தீபாவளி சீசன் வேற. தனபாலு எப்படி வருவாரு?"

"நாள் நல்லா இருக்கு, அம்புட்டுதான்."

"நாளா நல்லா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். போகும்போது சிரித்த மாதிரி இருந்தது.

த. கணக்கப்பிள்ளையை நம்பமாட்டான். அத்தனை பேருக்கும் அவனே கைப்பட எண்ணிக் கொடுத்தால்தான் தூங்குவான். ஊருக்கே தெரியும். நாள் குறித்ததும் நல்ல பசி. ரெண்டு தோசை அதிகம்.


ஆகஸ்ட் 25, செவ்வாய்

கலா படித்த பெண்கள் பள்ளியில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். முன்வரிசை. த. என் பக்கத்து நாற்காலி. எனக்குத் துண்டு போட்டார்கள், அவனுக்கும் போட்டார்கள். அவன் துண்டில் சரிகை அகலம்.

கலா நன்றாகப் பேசினாள். பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. புஸ்வாணம் வந்தது. "எங்க அண்ணன் சொன்ன உதாரணம்," என்று கையையும் காட்டினாள். த. எழுந்து கும்பிட்டான். எழ வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் சொன்னாள்: "நான் கணக்குப் போட்டுப் பழகினதெல்லாம் காலண்டர் பேப்பர் பின்பக்கம். அச்சுல தப்பாப்போன தாளையெல்லாம் எங்க மாமா கட்டுக் கட்டாக் கொண்டுவந்து போடுவாக."

கைதட்டல். எனக்குத்தான். ஆனால் அவனுக்கு யோசனை, எனக்கு வேஸ்ட் பேப்பரா? அந்தத் தாளில் முன்பக்கம் சரஸ்வதி இருந்தாள் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

கேள்வி நேரத்தில் முதல் ஆளாக எழுந்தேன். இவ்வளவு சுத்தமாக நேரம் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இந்த வாரம் முழுக்க நான் கேட்டதிலேயே நல்ல விஷயம் இதுதான். தரையை விட்டு மேலே போகப்போக நேரம் வேகமாக ஓடுகிறதாம். இத்தனூண்டு. சாதாரணக் கடிகாரத்துக்குத் தெரியாது. நல்ல அணுக் கடிகாரத்துக்குத் தெரியும். மலை உச்சியில் வைத்தால் கீழே இருப்பதைவிட முந்தும்.

"அப்ப மாடியில குடியிருக்கவனுக்கு?" என்றேன்.

"அவுகளுக்கும் முந்தும் மாமா. ரொம்ப ரொம்பக் கொஞ்சமா."

ஆகவே, விஞ்ஞானப்படி, மூன்றாம் மாடியில் படுத்துத் தூங்குகிற த. என்னைவிடச் சீக்கிரம் கிழவன் ஆகிக்கொண்டிருக்கிறான். நான் ஓட்டு வீடு. தரையோடு தரை.

நிம்மதியான தூக்கம் வரும் இன்று.


ஆகஸ்ட் 27, வியாழன்

தூறல், பத்து நிமிஷம். மண் வாசனை மட்டும் மிச்சம். செருப்பு வாங்கியாயிற்று.

மத்தியானம் த. பிரஸ்ஸுக்கே வந்தான். இதுவரை வந்ததில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"மாமா, சனிக்கிழமை என்னால வர முடியாது போலருக்கு. சம்பளம் போடணும், வடக்க போற லோடு ரெண்டு வேற நிக்கிது. நானும் எப்படி எப்படியோ பாத்துட்டேன்."

"அடடா," என்றேன். வருத்தமாகத்தான் சொன்னேன்.

"முறைக்கு நானா இருக்கலாம். உரிமைக்கு நீங்கதான? கலாவை மடியில வச்சவுக நீங்க. பிள்ளையையும் நீங்களே வைங்க மாமா. சித்திகிட்டச் சொல்லிட்டேன், சரின்னுட்டாக. என் காரும் வரும். எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பா எடுத்தான். மாமன் சீர், சிவப்புக் கல் தோடு. நான் வாங்கி வைத்திருக்கும் தோடு இதில் பாதி.

போய்விட்டான். மடி எனக்குத்தான். நினைத்தது நினைத்தபடி. ஆனால் பிடுங்கியதாக இல்லை, கையேந்தி வாங்கியதாக இருக்கிறது. அவன் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பேச்சி: "கேட்டது கெடச்சிருச்சுல்ல? பெறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

தலைவலி என்றேன்.


ஆகஸ்ட் 29, சனி

வெயில். இருக்கன்குடியில் கூட்டம் நெருக்கியடித்தது. பட்டு வேட்டி, புதுச் செருப்பு. அவன் கார் முன்னால், பெண்கள் அதில். நான் வேனில், பெரிய ஜன்னல் ஓரம்.

பத்தரைக்கெல்லாம் எல்லாம் தயார். ஆசாரி கம்பியோடு உட்கார்ந்துவிட்டார். த. கொடுத்த தோட்டைப் பார்த்து, "பச்சப்பிள்ளைக் காதுக்கு இது கனமய்யா," என்று ஒதுக்கிவிட்டு என் தோட்டை எடுத்தார். நல்ல மனுஷன். தொழில் தெரிந்தவர்.

மீனு என் மடியில். சிரிப்பு. வேட்டிக் கரையைச் சப்பிக்கொண்டிருந்தது.

குத்த வேண்டியதுதானே? நான்தான் "கொஞ்சம் இருங்க" என்றேன். கூட்டம் குறையட்டும் என்றேன். பிறகு பூசாரி வரட்டும் என்றேன். பிறகு வெயில் இறங்கட்டும் என்றேன், பதினோரு மணிக்கு. கண் மட்டும் ரோட்டில்.

பேச்சி காதோரம் குனிந்தாள். "யாரைத் தேடுறீக?"

"யாரையும் இல்ல."

பொய்தான். இங்கே யாரிடம் மறைக்க? த. பார்க்காமல் இந்த மடிக்கு என்ன மதிப்பு? அக்கா பார்க்கிறாள், ஆசாரி பார்க்கிறார், முன்பின் தெரியாதவர்களெல்லாம் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவன் வெம்பக்கோட்டை ரோட்டில் ரூபாய் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

பதினொன்றரையும் ஆகிவிட்டது. கலா வாட்சைக் காட்டினாள். "மாமா, நீங்க குறிச்ச நேரம் முடிஞ்சுபோச்சு."

வாயில் வந்ததை அடித்துவிட்டேன். "காலண்டர் நேரம் மெட்ராசுக்குத் தாயி. சூரியன் அங்கன முந்தி வருது, இங்கன பிந்தி வருது. நமக்கு இன்னும் பத்து நிமிஷம் கெடக்கு."

எல்லாரும் கலாவைப் பார்த்தார்கள். அவள் யோசித்தாள், விரலை மடக்கினாள். "மாமா, அது நெசந்தான். ஏறக்குறைய பத்து நிமிஷம்தான் வரும்."

நான் அடித்துவிட்டது நிஜமாகிவிட்டது. எனக்கே புல்லரித்துவிட்டது. ஆசாரி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். (கும்பிடப் பார்த்தார். கையில் கம்பி.)

அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு பைக். கம்பெனி ஆள் ஓட்ட, பின்னால் த. தலையெல்லாம் புழுதி, அட்டைப்பெட்டித் தூசி, பாதிச் சட்டை வெளியே.

"கணக்கப்பிள்ளைகிட்டச் சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன் மாமா. மனசு கேக்கல. முடிஞ்சிருச்சா?"

கணக்கப்பிள்ளையிடம் சாவி! இவனா?

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. எந்த வகைச் சந்தோஷம் என்றும் தெரியவில்லை. கலா எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என் குப்பிக்குள்ள ரெண்டு பேரையும் போட்டா ஆராய்ச்சியை இந்த வருஷமே முடிச்சிருவேன்," என்றாள்.

எழுந்து இடம் கொடுத்திருக்கலாம்தான். எழவில்லை.

"வாங்க மாப்ளே," என்றேன். "பிள்ளை காலை மட்டும் பிடிச்சுக்கிடுங்க."

பிடித்தான். புழுதியோடு என் முன்னால் குத்தவைத்து, ரெண்டு பிஞ்சுக் காலையும் பிடித்துக்கொண்டான். நான் தலையை அசையாமல் பிடித்தேன். ஆசாரி இடது காதைக் குத்தினார். கோயிலே கேட்கிற மாதிரி வீறிட்டது. வலது காது. இன்னும் பெரிய வீறல். என் கையை உதறியது, என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது, ரெண்டு கையையும் நீட்டி அவனிடம் தாவிவிட்டது. தாவியதும் அழுகை நின்றது.

மடி சூடாகத்தான் இருந்தது இன்னும்.


ஆகஸ்ட் 30, ஞாயிறு

வெயிலைக் கவனிக்கவில்லை.

கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் மீனு அலறல். சட்டையை மாற்றிவிட்டுப் போனேன், அலறல். கண்ணாடியைக் கழற்றினேன், அலறல். அக்கா சேலையால் முகத்தை மூடிக்கொண்டு போனேன், பாதி வரை வந்தது. சேலை விலகியதும் அலறல்.

பேச்சி: "குத்துனது ஆசாரி. ஆனா அதுக்கு ஆசாரியவா தெரியும்? இறுக்கிப் பிடிச்ச உங்க மூஞ்சிதான் தெரியும்."

கலா: "நாலு நாள்ல மறந்துரும் மாமா." அவர்கள் நாளை மறுநாள் கிளம்புகிறார்கள்.

த. தோளில் சாய்ந்து தூங்குகிறது. எச்சில் அவன் சட்டை முழுக்க. துடைக்காமல் நிற்கிறான். நான் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாடிக்குக்கூட இப்படி வயிறு எரிந்ததில்லை.

செல்லையா கடையில் விசேஷம் எப்படி என்று கேட்டார்கள். ஜோராக நடந்தது, குழந்தை என்னைப் பார்த்தாலே அழுகிறது, பிரிய மனசில்லை பாவம் என்றேன். அழுகிறது என்பது பொய் இல்லை.


செப்டம்பர் 1, செவ்வாய்

மூட்டம். பிரஸ்ஸுக்கு அரை நாள் லீவு சொன்னேன்.

ஏர்போர்ட்டுக்கு எல்லாரும். இந்தத் தடவை நானும் த.வின் காரில்தான், முன் ஸீட்டில், பின்னால் திரும்பக் கூடாது என்ற உத்தரவோடு. திரும்பினால் அழுகை. மதுரை வரை கழுத்து ஒரே பக்கம்.

கலா காலில் விழுந்தாள். அந்த அணுவெல்லாம் ஒழுங்காகப் பின்னிக்கொள்ளட்டும் என்று ஆசீர்வாதம் செய்தேன். "கொஞ்சம் பின்னியிருக்கு மாமா, இன்னும் எம்புட்டோ இருக்கு," என்றாள். குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே டாட்டா சொன்னேன். முதுகில் ஒரு சின்னக் கை பட்ட மாதிரி இருந்தது. திரும்பவில்லை.

வரும்போது காரில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். திருமங்கலம் தாண்டினோம். அப்புறம் த. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"அடுத்த வருஷம் குலசாமி கோயில்ல மொட்டை மாமா. அதுவும் மாமன் மடியிலதான். மொட்டைக்கு ரொம்ப நேரம் பிடிக்கணும். நீங்களே உக்காருங்க. நான் காலைப் பிடிச்சுக்கிடுதேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.